பழைய கருவியும் புதிய கையும்

(அலிபிரியில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

 ஆண்டுக்கு ஒரு முறை நம் குடியிருப்பினர் யாவரும் ஓரிடத்தே கூடித் தாய்மொழியால் அளவளாவி மகிழும் இந்நன்னாளில், எனக்கும் சில மணித்துளிகள் பேச வாய்ப்பளித்த சங்கத்தார்க்கு என் நன்றி உரியது. சிலம்பின் சுவையையோ குறளின் திறத்தையோ நான் எடுத்துரைப்பேன் என்று எதிர்பார்த்து வந்தோர் என்னைப் பொறுத்தருள வேண்டும். நான் எடுத்துக்கொண்ட பொருள் ‘சிந்தசைசர்’ என்னும் மின்னிசைக் கருவி. அதிலும், நாற்பது ஐம்பது ஆண்டுகட்கு முன் தோன்றி மறைந்த அத்தகைய கருவிகளை இன்று மீண்டும் செய்து விற்கும் முயற்சியும், ‘அடுத்தது எப்போது வெளிவரும்’ என்று நம் பிள்ளைகள் வழிமேல் விழி வைத்திருக்கும் காத்திருப்புமே நான் பேச விழைவன.

தமிழ்ச் சங்க மேடையில் இதற்கு என்ன இடம் என்று சிலர் நினைக்கக்கூடும். இடம் உண்டு. நம் வீடுகளில் இசை பயிலும் பிள்ளைகள் பலர் இருக்கின்றனர். வீட்டிலுள்ள சிறிய கீபோர்டின் மேல் தூசி படிந்திருக்கிறது. ‘ஏனப்பா வாசிப்பதில்லை?’ என்று கேட்டால், ‘பழைய மினிமோக்கைப் போலவே ஒன்று புதிதாக வருகிறதாம், அது வரட்டும், அப்பா’ என்று விடை வருகிறது. மாதச் சம்பளத்தைக் கணக்கிட்டு வாழும் தந்தைக்கு அது என்ன பொருள் என்றே விளங்குவதில்லை. ஆசைக்கு அணை போட்டால் கலை கருகிவிடுமோ என்று தாய் அஞ்சுகிறாள். ஆகவே, அந்தப் பொருள் யாது, அதற்காகக் காத்திருப்பது தகுமா என்பதை நாம் எல்லோரும் அறிந்துகொள்வது நலம்.

வீணையில் நரம்பு அதிர்கிறது. குழலில் காற்று அதிர்கிறது. முழவில் தோல் அதிர்கிறது. சிந்தசைசரில் மின்னோட்டமே அதிர்கிறது. அந்த அதிர்வை உண்டாக்கும் உறுப்பு ஒன்று. அதில் வேண்டாத பகுதியை நீக்கி ஒலியைக் கூர்மையாகவோ மென்மையாகவோ ஆக்கும் வடிப்பான் மற்றொன்று. ஒலி எழுவதையும் நிற்பதையும் அடங்குவதையும் வரையறுக்கும் உறுப்பு வேறொன்று. இவை ஒவ்வொன்றையும் மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தால் ஆட்டி வைக்கலாம் என்பதே இக்கருவியின் உயிர்நிலை. 1964ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ராபர்ட் மோக் என்பவர் இம்முறையில் கருவிகளைச் செய்யத் தொடங்கினார். அவை அலமாரி போன்ற பெருங்கருவிகள். பல்கலைக்கழகங்களும் ஒலிப்பதிவு நிலையங்களுமே அவற்றை வாங்க இயலும். 1970இல் அவர் கம்பெனியார் அதனைச் சுருக்கி ஒருவர் கையில் தூக்கிச் செல்லுமாறு ‘மினிமோக்’ என்பதை வெளியிட்டனர். மூன்று அலைவு உறுப்புகள், 44 கட்டைகள், ஒரு நேரத்தில் ஒரே சுரம், அவ்வளவே. கட்டைகளுக்குப் பக்கத்தில் சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் சக்கரம் ஒன்று உண்டு. கமகத்தை உயிரெனப் போற்றும் நமக்கு அச்சக்கரத்தின் அருமையைச் சொல்லித் தெரிவிக்க வேண்டியதில்லை.

மினிமோக் 1981 வரை சுமார் 12,000 செய்யப்பட்டது. பின்னர் நின்றுபோயிற்று. காரணம் வெளிப்படை. 1978இல் வந்த ‘புராபெட்-5’ ஒரே நேரத்தில் ஐந்து சுரங்களை ஒலித்தது. ஒருமுறை அமைத்த ஒலியை நினைவிலும் வைத்துக்கொண்டது. 1983இல் யமஹா கம்பெனியார் வெளியிட்ட ‘டி.எக்ஸ்.-7’ கணினி முறையில் எண்களைக் கொண்டே ஒலியை ஆக்கியது. உலகம் அதன் பின்னே ஓடியது. பழைய கருவிகள் பரணுக்கும் பழைய பொருள் விற்கும் கடைக்கும் சென்றன.

இது ஏதோ மேலைநாட்டார் கதை, நமக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று எண்ணிவிடாதீர்கள். 1969ஆம் ஆண்டிலேயே மோக் கருவி ஒன்று நம் நாட்டை அடைந்துவிட்டது. அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அதனை நிறுவித் தர நியூயார்க்கிலிருந்து டேவிட் டியூடர் என்னும் இசைவாணர் வந்தார். கீதா சாராபாய், அதுல் தேசாய், ஐ. எஸ். மாத்தூர், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அதில் இசை ஆக்கினர். சில ஆண்டுகளில் அம்முயற்சி ஓய்ந்துவிட்டது. ஒலிநாடாக்கள் ஆவண அறையில் உறங்கின. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்துப் பால் பர்காஸ் என்பவர் அவற்றைக் கண்டெடுக்க, 2023இல் அவை இசைத்தட்டாக வெளிவந்தன. நாடெங்கும் ஒன்றோ இரண்டோ கருவிகள். அதைத் தொடக்கூடியவர் ஒரு சிலர். அன்று நிலை அதுவாக இருந்தது.

மற்றொரு செய்தியும் கேளுங்கள். ஜப்பானிய ரோலண்ட் கம்பெனியார் ‘டி.பி.-303’ என்னும் சிறு கருவியை வெளியிட்டனர். தனியே கிதார் பயில்வோர்க்குக் கீழ்க்குரல் துணை தருவதற்கென்று செய்யப்பட்ட அது, அத்தொழிலுக்குச் சரிவரவில்லை; 1984க்குள் நிறுத்தப்பட்டது. ஆயினும், அதில் ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் வசதி இருந்தது. பம்பாய்த் திரையிசைக் கலைஞரான சரண்ஜித் சிங் அதனை நம் இராகங்களுக்குப் பொருத்தினார். 1982இல் பத்து இராகங்களைத் தாளப்பெட்டியுடன் இணைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். அன்று அதை வாங்குவார் இல்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1987இல், அமெரிக்காவின் சிக்காகோ நகர இளைஞர் சிலர் அதே கருவியைக் கொண்டு எழுப்பிய இசை உலகெங்கும் பரவியபோதுதான் அதன் மதிப்பு உயர்ந்தது. 2010இல் சரண்ஜித் சிங்கின் தட்டு மீண்டும் வெளியிடப்பட, முதுமையில் அவர் ஐரோப்பிய மேடைகளில் வாசித்தார்; 2015இல் மறைந்தார். செய்தவன் ஒன்று நினைத்துச் செய்தான். வாசித்தவன் வேறொன்றை அதனுள் கண்டான். இதனை நினைவில் வைத்திருங்கள்.

இனி, மறுபடியும் செய்யும் முயற்சிக்கு வருவோம். 2013இல் கோர்க் கம்பெனியார் தாம் 1978இல் வெளியிட்ட ‘எம்.எஸ்.-20’ கருவியைச் சற்றே சிறிய உருவில் மீண்டும் செய்தனர். 2016இலும் 2022இலும் மோக் கம்பெனியாரே மினிமோக்கை மறுபடி வெளியிட்டனர். 2018இல் பெரிங்கர் என்பவர் ஜெர்மனியில் தொடங்கிய கம்பெனி, மினிமோக்கின் மின்சுற்றைப் பின்பற்றிக் கட்டைகள் இல்லாத சிறு பெட்டி ஒன்றைச் சுமார் 300 டாலருக்கு விற்கத் தொடங்கியது. 1970இல் மினிமோக்கின் விலை ஏறத்தாழ 1,500 டாலர். அன்றைய பணத்தின் மதிப்பை நோக்கினால் வேற்றுமை மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. டி.பி.-303ஐப் பின்பற்றியும் மலிவான கருவி 2019இல் வந்தது. புராபெட்-5ஐ முதலில் ஆக்கிய டேவ் ஸ்மித் 2020இல் தாமே அதனைப் புதுப்பித்தார். 2022இல் அவர் மறைந்தார்.

இவ்வளவு மலிவாக எவ்வாறு இயல்கிறது? மோக் தம் வடிப்பானுக்குப் பெற்றிருந்த காப்புரிமையின் காலம் என்றோ முடிந்துவிட்டது. மின்னுறுப்புகள் கடுகளவாகச் சிறுத்து, எந்திரங்களே அவற்றைப் பலகையில் பொருத்துகின்றன. பழைய கருவிகளில் இருந்த சில சில்லுகளும் மீண்டும் உற்பத்தியாகின்றன. வித்தை பழையது, செய்முறை புதிது.

‘பிறர் ஆக்கிய வடிவத்தை வேறொருவர் செய்து விற்பது முறையா?’ என்று கேட்போர் உளர். நியாயமான கேள்வி. காப்புரிமை முடிந்தபின் சட்டம் தடுக்காது. ஆனால் முதலில் சிந்தித்தவனின் பெயரை மறைப்பது பண்பாகாது. எளியவனுக்கு எட்டாதிருந்த பொருள் எட்டுகிறது என்னும் நன்மையும், ஆக்கியவனுக்கு உரிய புகழ் போய்ச்சேர வேண்டும் என்னும் கடமையும் ஒன்றையொன்று அழிப்பன அல்ல. வாங்கும் பிள்ளை ராபர்ட் மோக் யார் என்று அறிந்து வாங்கட்டும். நான் வேண்டுவது அவ்வளவே.

‘பழையதன் ஒலி புதியதில் உண்டா?’ என்பது மற்றொரு கேள்வி. இதற்கு விடை காண நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. நம் மரபையே நோக்கலாம்.

தமிழர் யாழை இழந்தனர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய விபுலானந்த அடிகள் அதனை மீட்க முயன்றார். சிலப்பதிகார அரங்கேற்று காதையைத் துருவி ஆய்ந்து, கணிதத்தாலும் இயற்பியலாலும் நரம்புகளின் அளவைக் கண்டு, ‘யாழ்நூல்’ இயற்றி, 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேற்றினார். அவ்வாண்டே அடிகள் மறைந்தார். நூல் நிலைத்தது. ஆனால் அந்த யாழைத் தோளில் தாங்கிப் பத்தாண்டு, இருபதாண்டு பயில்வோர் கூட்டம் எழவில்லை. ஆகவே, யாழ் நமக்கு இன்றும் பெரும்பாலும் ஏட்டிலேயே இருக்கிறது.

இப்போது இம்மலையைப் பாருங்கள். தாள்ளப்பாக்கம் அன்னமாச்சாரியர் 15ஆம் நூற்றாண்டில் பாடிய சங்கீர்த்தனங்கள் செப்பேடுகளில் வெட்டப்பெற்றுத் திருமலைக் கோயிலில் நெடுங்காலம் கிடந்தன. அவை வெளிப்பட்டபோது, பாட்டின் சொற்கள் இருந்தன. இன்ன இராகம் என்ற பெயர் இருந்தது. பாடும் மெட்டைக் காட்டும் சுரக்குறிப்பு இல்லை. இராள்ளப்பள்ளி அனந்தகிருஷ்ண சர்மா போன்ற பெருமக்கள் நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களுக்கு மெட்டு அமைத்தனர். பாடகர் பாடினர், பள்ளிப் பிள்ளைகள் பாடினர். இன்று நம் தெலுங்கு அண்டை வீட்டார் குழந்தைகளோடு நம் குழந்தைகளும் அவற்றைப் பாடுகின்றனர். அம்மெட்டுகள் அன்னமாச்சாரியர் பாடியவையே என்று யாரும் உறுதி கூற இயலாது. ஆயினும், அப்பாடல்கள் உயிரோடு இருக்கின்றன என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

இரண்டுக்கும் வேற்றுமை யாது? யாழின் அளவு கணக்கிட்டுக் கண்டறியப்பட்டது; பயிலும் கை கிட்டவில்லை. சங்கீர்த்தனத்தின் மெட்டு மறைந்தது. பாடும் வாய் கிடைத்தது. ஏடும் செப்பேடும் மின்சுற்றுப் படமும் ஒரு பாதியையே காத்து வைக்கும். மறுபாதியை வாழ்கின்ற கையும் வாயுமே தந்தாக வேண்டும். அந்த மறுபாதி எந்தப் பெட்டியிலும் அடைக்கப்பட்டு வருவதில்லை.

நம் பாட்டு வகுப்பில் ஒலிக்கும் மின்தம்பூராவையும் எண்ணிப் பாருங்கள். பெங்களூரில் 1979இல் ஜி. ராஜ்நாராயண் தொடங்கிய ரேடல் நிறுவனம் மின்சுருதிப் பெட்டியைப் பரப்பிற்று. தம்பூராவின் ஒலியும் பின்னர் பெட்டிக்குள் வந்தது. மரத் தம்பூராவின் நாதம் அதில் முழுமையாக இல்லை என்பார் சொல்வது உண்மையே. எனினும், பெரிய தம்பூரா வாங்கவும் வைக்கவும் இடமில்லாத இரண்டு அறை வீட்டிலும் ஒரு சிறுமி சுருதியோடு பாடக் கற்றுக்கொண்டாள் என்றால், அந்தப் பெட்டி தன் கடனைச் செய்துவிட்டது.

ஆகவே, மறுபடி செய்யப்படும் கருவிகளை நான் இகழவில்லை, வரவேற்கிறேன். ஆனால் காத்திருப்பைப் பற்றி ஒரு சொல் சொல்லியாக வேண்டும்.

1980ஆம் ஆண்டளவில் டாம் ஓபர்ஹைம் கம்பெனியார் வெளியிட்ட ‘ஓ.பி.-எக்ஸ்.ஏ.’ என்ற கருவியைப் பின்பற்றி மலிவான ஒன்று வரப்போகிறது என்ற பேச்சு 2017இல் எழுந்தது. மாதிரிகள் காட்டப்பட்டன, படங்கள் வெளிவந்தன. பிறகு உலகெங்கும் சில்லுத் தட்டுப்பாடு வந்தது. அது விற்பனைக்கு வந்தது 2023ஆம் ஆண்டின் இறுதியில்! கணக்கிட்டுப் பாருங்கள். அறிவிப்பைக் கேட்டுப் பன்னிரண்டு வயதில் காத்திருக்கத் தொடங்கிய சிறுவனுக்கு அது வந்தபோது பதினெட்டு வயது. விரல் வளையும் பருவம், செவி கூர்மை கொள்ளும் பருவம், அவ்வளவும் படங்களைப் பார்ப்பதிலும் விலையை ஒப்பிடுவதிலும் கழிந்திருந்தால், அந்த ஆறு ஆண்டுகளை எந்தக் கம்பெனி திருப்பித் தரும்? பணத்தைக் கடனாகவேனும் பெறலாம். அந்தப் பருவத்தை யாரிடம் கடன் கேட்பது?

காத்திருப்பு என்றால் என்ன என்று திருப்பதி வாசிகளுக்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் அலிபிரியில் வாழும் நாம் இன்னொன்றும் அறிவோம். இங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் காலி கோபுரம் தெரிகிறது. அதைப் பார்த்துக்கொண்டே அடிவாரத்தில் நிற்பவனும் காத்திருக்கிறான். ஏறத்தாழ 3,550 படிகளில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து ஏறுபவனும் மேலே செல்லும் வேளைக்காகவே காத்திருக்கிறான். முன்னவனுக்குக் காலம் கழிகிறது. பின்னவனுக்குப் படி கழிகிறது. நம் பிள்ளைகள் காத்திருக்க வேண்டாம் என்று நான் கூறவில்லை. ஏறிக்கொண்டே காத்திருக்கட்டும் என்கிறேன்.

வைணவ மரபு கூறும் ஒரு செய்தி இவ்விடத்துக்கே உரியது. இராமாநுசர்க்கு இராமாயணப் பொருள் உரைக்கத் திருமலை நம்பிகள் மலையிலிருந்து இந்த அலிபிரிக்கு நாள்தோறும் இறங்கி வந்தார் என்றும், ஓராண்டுக் காலம் பாடம் நடந்தது என்றும் சொல்வர். மேலே இருந்த கல்வி கீழே இறங்கி வந்தது. இன்று கருவிகளும் அவ்வாறே இறங்கி வந்திருக்கின்றன. 1969இல் அகமதாபாத் நிறுவனத்தின் பூட்டிய அறையில் இருந்தது, இன்று நடுத்தரக் குடும்பத்தின் மேசைக்கு வந்திருக்கிறது. ஆனால் நம்பிகள் இறங்கி வந்தபோது மாணவர் இங்கே ஆயத்தமாக இருந்தார் என்பதை மறவாதீர்கள். கேட்கும் செவி இல்லையேல் இறங்கி வந்து பயன் என்ன?

பெற்றோர்களுக்கு ஒன்று சொல்வேன். பிள்ளை புதிய கருவி கேட்டால் உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே வாங்கவும் வேண்டாம். ‘இருப்பதில் என்ன வாசிப்பாய்? வாசித்துக் காட்டு’ என்று கேளுங்கள். இருக்கும் கருவியின் எல்லையைத் தொட்டு, ‘இதற்குமேல் இதில் இயலவில்லை’ என்று அவன் செய்து காட்டினால், அந்த ஆசை மெய்யானது. அதற்குச் செலவிடுவது தகும். இன்னும் ஒரு வழியும் உண்டு. சிந்தசைசரின் உறுப்புகளைத் திரையிலே கோத்துப் பழகுவதற்கு ‘விசிவி ரேக்’ என்ற இலவசக் கணினிச் செயலி 2017 முதல் கிடைக்கிறது. வீட்டில் கணினி இருந்தால், ஒரு காசும் செலவின்றி வடிப்பான் என்ன செய்கிறது, அலை எவ்வாறு உருமாறுகிறது என்பதைக் கையால் செய்தே அறியலாம். அதை அறிந்தவன் எந்தக் கருவி வந்தாலும் மயங்கமாட்டான்.

இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். நீங்கள் விரும்பும் பழைய ஒலிகளை ஆக்கியோர் தம் கையில் கிடைத்ததைக் கொண்டே ஆக்கினர். ஒரு நேரத்தில் ஒரே சுரம் என்ற குறையையே அவர்கள் குணமாக மாற்றினர். சரண்ஜித் சிங் சிறந்ததொரு கருவி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. கையில் கிடைத்ததில் பைரவையும் யமனையும் தேடினார்.

சங்கத்தார்க்கும் ஒரு விண்ணப்பம். நம் படிப்பகத்தில் நூல்கள் இருக்கின்றன, செய்தித்தாள்கள் இருக்கின்றன. வரும் ஆண்டில் அங்கே நல்லதொரு கீபோர்டும், ஒரு மின்தம்பூராவும், வாய்ப்பிருப்பின் மலிவான சிந்தசைசர் ஒன்றும் பொதுவில் வைப்போம். ஒரு குடும்பத்தால் இயலாதது நாற்பது குடும்பத்தால் இயலும். குறிப்பேட்டில் பெயர் எழுதி, ஆளுக்கு ஒரு மணி நேரம் முறைவைத்து வாசிக்கட்டும். பாடத் தெரிந்த தாய்மார் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் வந்தமர்ந்து, ‘இந்தச் சுரம் நேராக நிற்கிறதே, இதை அசை’ என்று சொல்லித் தரட்டும். சக்கரத்தைத் திருப்பும் விரலுக்குச் சங்கராபரணம் வேறு, கல்யாணி வேறு என்று காட்டித் தர, எந்தக் கம்பெனியின் கையேட்டாலும் இயலாது. நம் வீட்டுப் பெண்மணிகளால் இயலும். பக்கத்துத் தெலுங்கு வீட்டுப் பிள்ளைகளும் வரட்டும். சுரம் ஏழுக்கும் மொழி எல்லை கிடையாது.

அடுத்த ஆண்டு விழாவில் இம்மேடையில் ஒருவர் நின்று சொற்பொழிவாற்றுவதற்குப் பதில், நம் பிள்ளைகளில் இருவர் மூவர் அமர்ந்து, பழைய கருவியோ புதிய கருவியோ, கையில் கிடைத்ததைக் கொண்டு பத்து மணித்துளி வாசிக்கட்டும். அதற்கான குறிப்பேடு நாளை மாலை படிப்பக மேசையில் இருக்கும் என்று செயலாளர் அவர்கள் எனக்கு வாக்களித்துள்ளார்கள். முதற் பெயரை எழுதப்போகும் பிள்ளைக்கு என் வாழ்த்து.